லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஆறு நாள்: நடந்து ரசிக்க விரும்பும் தம்பதியருக்கு முழுமையான வழிகாட்டி

சுவிட்சர்லாந்து போகும் நம்மூர்ச் சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் ஒரே நாளில் யுங்ஃபிராவ்யோக் என்ற பனிமலை ரயில் நிலையத்துக்கு ஏறி, பனியில் படம் எடுத்துக்கொண்டு, மாலையே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். அந்த மலை ரயில் கடந்து போகும் பள்ளத்தாக்குதான் உண்மையில் தங்கி நடக்க வேண்டிய இடம். லாட்டர்புருன்னன் ஊர் 795 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர். சுவருக்கு மேலே ஒரு பக்கம் வெங்கன் (1274 மீ), மறு பக்கம் மியூரன் (1638 மீ). அதற்கும் மேலே, 2000 மீட்டருக்கு அப்பால், மாடு மேயும் புல்வெளிகள். எல்லாவற்றுக்கும் மேலே ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் என்ற மூன்று சிகரங்கள்.

இருவராகப் போகிறவர்களுக்கு இந்த இடத்தைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே கால்பலம் இருப்பது அரிது. ஒருவர் இன்னும் இரண்டு மணி நேரம் நடக்கத் துடிப்பார், மற்றவருக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். இங்கே ஏறக்குறைய ஒவ்வொரு உயரத்திலும் ரயிலோ கேபிள் காரோ நிற்கிறது. முடியாதவர் வழியில் ரயில் ஏறலாம், முடிந்தவர் நடந்து வரலாம், இருவரும் கீழே ஒரே மேசையில் சந்திக்கலாம். கீழே சொல்லப்படும் நடைகளில் அப்படிப் பிரியக்கூடிய இடம் இருந்தால் அதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

எப்போது போவது

ஜூன் கடைசி வாரம் முதல் செப்டம்பர் முடிய. மே மாத விடுமுறையில் போகலாமே என்று பலர் கேட்பார்கள். மே மாதத்தில் பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கும், அருவிகளிலும் நீர் நிறைய இருக்கும். ஆனால் 2000 மீட்டருக்கு மேலுள்ள பாதைகளில் பனி கரைந்திருக்காது, சில கேபிள் கார்கள் பராமரிப்புக்காக நின்றிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் எல்லாம் திறந்திருக்கும். கூட்டமும் அப்போதுதான். பிற்பகலில் இடிமழையும் வரும். எங்கள் தேர்வு செப்டம்பர் முதல் பாதி: வானம் தெளிவு, கூட்டம் குறைவு, பாதை உலர்ந்திருக்கும். அருவிகளில் நீர் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

விசாவும் காப்பீடும்

ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கோடைக்குப் போகிறவர்கள் மூன்று மாதம் முன்பே நேரம் பதிவு செய்வது நல்லது, ஏப்ரல் பிறந்தால் நேரம் கிடைப்பதே கடினம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பல நாடுகள் போனால், அதிக இரவு தங்கும் நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். புதிதாக மணமானவர்கள், பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் இன்னும் ஏறவில்லை என்றால், திருமணப் பதிவுச் சான்றிதழை இணையுங்கள். வேலைக்குப் போகாதவரின் செலவை மற்றவர் ஏற்கிறார் என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. மலிவான பாலிசி விசாவுக்குப் போதும், மலைக்குப் போதாமல் போகலாம். கால் பிசகினால் இங்கே ஆளைத் தூக்க ஹெலிகாப்டர் வரும், அந்தச் செலவு பெரியது. பாலிசியில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: மலை நடைக்கு உயர வரம்பு போட்டிருக்கிறதா, ஹெலிகாப்டர் மீட்பு சேர்ந்திருக்கிறதா.

எங்கே தங்குவது

ஆறு இரவும் ஒரே ஊரில் தங்குங்கள். இரண்டு நாளுக்கொரு முறை பெட்டி கட்டினால் தெளிந்த காலைகளில் இரண்டு மூன்று அதிலேயே போய்விடும்.

முதல் தேர்வு வெங்கன். கார் போகாத ஊர், லாட்டர்புருன்னனிலிருந்து பல்சக்கர ரயிலில் 15 நிமிடத்துக்குள் வந்துவிடலாம். காலையில் ஜன்னலைத் திறந்தால் யுங்ஃபிராவ் எதிரே நிற்கும். மியூரன் இன்னும் அமைதியானது, ஆனால் பக்கத்துப் பள்ளத்தாக்கிலுள்ள கிரிண்டல்வால்ட் ஊர்ப் பக்கம் போய்வர அதிக நேரமாகும். லாட்டர்புருன்னன் செலவு குறைவு, எல்லாத் திசைக்கும் வசதி, ஆனால் ஆழத்தில் இருப்பதால் வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். இன்டர்லாகன் மலிவு என்று அங்கே தங்கினால், தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி ரயிலில் கழியும். சமையலறையுள்ள அடுக்ககம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

சூரிச் விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பெர்ன், பெர்னிலிருந்து இன்டர்லாகன் ஓஸ்ட், அங்கிருந்து 20 நிமிடத்தில் லாட்டர்புருன்னன். கடைசிக் கட்டத்தில்தான் நிறையப் பேர் தவறுவார்கள். இன்டர்லாகன் ஓஸ்டில் புறப்படும் ரயில் ட்ஸ்வைலூட்ஷினன் நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரிண்டல்வால்டுக்கும் போகும். நடைமேடைப் பலகையையும் பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊரையும் பார்த்த பிறகு ஏறுங்கள். ரயில் மாற ஐந்தாறு நிமிடம்தான் கிடைக்கும் என்பதால், ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, ஒரு முதுகுப்பை என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்தப் பாஸ் வாங்குவது

எல்லாரும் சொல்லும் சுவிஸ் டிராவல் பாஸ் நாடு முழுக்கச் சுற்றுகிறவர்களுக்கானது. அது வெங்கன், மியூரன், கிரிண்டல்வால்ட் வரைதான் முழுதும் செல்லும், அதற்கு மேல் தள்ளுபடி மட்டும். ஒரே பள்ளத்தாக்கில் தங்கி நடப்பவர்களுக்கு ஒத்துவருவது யுங்ஃபிராவ் டிராவல் பாஸ். மென்லிகன், கிளைனே ஷைடெக், ஐகர்கிளெட்சர், ஃபிர்ஸ்ட், ஷினிகே பிளாட்டே என்ற மலை நிலையங்கள், மியூரன் எல்லாவற்றுக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். யுங்ஃபிராவ்யோக் கடைசிப் பகுதிக்குத் தனியாகக் கட்ட வேண்டும், மியூரனுக்கு மேலுள்ள ஷில்ட்ஹார்ன் சிகரம் சேராது. மூன்றாவது வழி, எதிலும் ஏறக்குறைய பாதி விலை தரும் ஹாஃப் ஃபேர் கார்டு.

விலை ஆண்டுதோறும் மாறுவதால் கணக்கை இப்படிப் போடுங்கள். நீங்கள் போக நினைக்கும் ஒவ்வொரு நாளின் ரயில், கேபிள் கார் கட்டணத்தையும் சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் பாதி விலையில் பார்த்துக் கூட்டுங்கள். அதோடு ஹாஃப் ஃபேர் கார்டின் விலையைச் சேருங்கள். வரும் தொகையை டிராவல் பாஸோடு ஒப்பிடுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் மேலே ஏறுவீர்கள் என்றால் கார்டு, தினமும் ஏறுவீர்கள் என்றால் பாஸ். வழியில் பிரிந்து ரயில் ஏற வேண்டிய தம்பதியருக்குப் பாஸ் தரும் சுதந்திரம் பெரிது: வலித்தால் உடனே ஏறலாம், டிக்கெட் வீணாகுமே என்ற தயக்கம் வராது.

பாஸ் அவரவர் பெயரில் வரும். இரண்டையும் ஒரே ஃபோனில் வைத்துவிட்டுப் பிரிந்தால் ஒருவர் பரிசோதகரிடம் மாட்டுவார். ஆளுக்கு ஆள் தத்தம் ஃபோனில் ஒன்று, தாளில் ஒன்று. இன்னொன்று: சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. 'ஐரோப்பா முழுக்க' என்று விற்கும் சில சிம்களில் இந்த நாடு விடுபட்டிருக்கும், வாங்கும் முன் பட்டியலைப் பாருங்கள். பணமும் ஃபிராங்க்தான்.

உடம்பைத் தயார் செய்வது

மலை நடை என்றதும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுவார்கள். இங்கே ஏற்றத்தை ரயில் பார்த்துக்கொள்ளும், வேலை வைப்பது இறக்கம். கிளைனே ஷைடெக்கிலிருந்து வெங்கன் வரை இறங்கினால் ஏறக்குறைய 790 மீட்டர், அதாவது 260 மாடி. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை மறுநாள் கல்லாகிவிடும்.

எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். வாரம் நான்கு நாள் 45 நிமிட வேக நடை. இரண்டு நாள் படிக்கட்டு: முதல் வாரம் 10 மாடி, கடைசி வாரம் 40 மாடி. அடுக்ககத்தில் இருப்பவர்கள் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினாலே தேவையான பயிற்சி கிடைத்துவிடும். கடைசி மூன்று வாரம் பயணத்தில் போடப்போகும் ஷூவையே போட்டு, 5 கிலோ பையோடு இறங்குங்கள்.

ஷூவின் அடிப்பாகத்தில் ஆழமான பல் இருக்க வேண்டும், அளவு அரை எண் பெரிதாக இருக்க வேண்டும். இறக்கத்தில் பாதம் முன்னே சரிந்து பெருவிரல் நகம் ஷூவில் மோதும், கறுத்துப் போவது அதனால்தான். இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். ஆளுக்கு ஒரு ஜோடி நடைக்கோல், இறக்கத்தில் அதை 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். விமானத்தில் அதைச் செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும்.

பருத்தி வேண்டாம். நனைந்த ஜீன்ஸும் காட்டன் டிஷர்ட்டும் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சும். உலரும் டிஷர்ட், மெல்லிய ஃபிலீஸ், மேலே மழை ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு போதும். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். லாட்டர்புருன்னனில் 22 டிகிரி என்றால் ஃபிர்ஸ்டில் 14தான், காற்றடித்தால் அதுவும் இல்லை.

மஞ்சள் பலகையைப் படிப்பது

எல்லாச் சந்திப்பிலும் மஞ்சள் பலகை இருக்கும். வெறும் மஞ்சள் என்றால் எளிய பாதை. முனையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை: குறுகலாக, சரிவாக இருக்கும், நல்ல ஷூ கட்டாயம். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் பாறையும் பனிக்கட்டியும் வரும், அனுபவம் இல்லாதவர்கள் திரும்பிவிடுங்கள். பலகையில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். அது சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்ற கணக்கில், நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். படம் எடுத்து, நீர் குடித்து, மாட்டைப் பார்த்து நடக்கும் இருவர் அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ள வேண்டும்.

மெதுவாக நடப்பவர் முன்னே போகட்டும். வேகமானவர் முன்னே போனால் பின்னால் வருபவர் மூச்சு வாங்க ஓடுவார், அவர் வந்து சேர்ந்ததும் ஓய்வெடுத்து முடித்தவர் கிளம்பிவிடுவார். சண்டை அங்கேதான் தொடங்கும். பார்வையை விட்டு மறைய நேர்ந்தால் அடுத்த மஞ்சள் பலகையில் நின்று காத்திருப்பது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

நடைகள்

வரிசையை வானம் முடிவு செய்யட்டும். காலை ஆறரைக்கு மென்லிகன், ஃபிர்ஸ்ட் நிலையங்களின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். ஜன்னலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். செப்டம்பரில் கீழே மூட்டமாக இருக்கும்போதே 2000 மீட்டரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

வந்து இறங்கிய நாளின் களைப்புக்குப் பள்ளத்தாக்கின் தரைப் பாதை. லாட்டர்புருன்னன் தேவாலயத்தைத் தாண்டினால் 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டவ்ப்பாக் அருவி. அங்கிருந்து ஆற்றோரமாக ட்ரூமல்பாக்குக்கு முக்கால் மணி நேரம். இது மலைக்குள்ளேயே விழும் பத்து அருவிகள், மூன்று சிகரங்களின் பனியாறுகளும் உருகி இதன் வழியாகத்தான் வடிகின்றன. உச்சத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை ஓடும். உள்ளே லிஃப்டில் ஏறிப் படியில் இறங்க வேண்டும், படி ஈரமாக இருக்கும், மழை ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். தெம்பிருந்தால் ஷ்டெகல்பெர்க் வரை நடக்கலாம். இல்லையென்றால் ட்ரூமல்பாக் வாசலிலேயே பேருந்து நிற்கும்.

இரண்டாவது, மியூரன் பக்கம். லாட்டர்புருன்னனிலிருந்து கேபிள் காரில் க்ரூட்ச்சால்ப் ஏறி, தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் மியூரன் வரை ஒன்றேகால் மணி நேரம். எதிரே மூன்று சிகரமும் வரிசையாகக் கூடவே வரும். ஏற்றம் 150 மீட்டர்தான். பிரியும் இடம் நடுவில் உள்ள வின்டெரெக் நிலையம். மியூரனிலிருந்து தார்ப்பாதையில் 40 நிமிடம் இறங்கினால் கிம்மல்வால்ட், மர வீடுகளும் வைக்கோல் வாசமுமாக உள்ள சிற்றூர். ஆளில்லாக் கடையில் பொருளை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட வேண்டும், சில்லறை வைத்திருங்கள்.

ஒரே ஒரு நாள்தான் தெளிவாக இருக்கும் என்றால் மென்லிகன் போங்கள். வெங்கனிலிருந்து கேபிள் கார் 2200 மீட்டருக்கு மேல் கொண்டுவிடும். முதலில் உச்சி (2343 மீ): அரை மணி ஏற்றம், முடியாதவர் நிலையத்தருகே உட்காரலாம். பிறகு கிளைனே ஷைடெக்குக்கு (2061 மீ) நாலரை கிலோமீட்டர், மெல்லச் சரிந்து இறங்கும் அகலமான பாதை. நடக்க நடக்க ஐகரின் வடக்குச் சுவர் கண்முன் வளர்ந்துகொண்டே வரும். 1938 வரை யாரும் ஏறி முடிக்காத சுவர் அது. எதிர்த் திசையில் நடந்தால் ஏற்றமாகிவிடும், அப்படிப் போகாதீர்கள். ஷைடெக் வந்ததும் ஒருவர் ரயில் ஏறலாம், மற்றவர் தொடரலாம். இருவருக்கும் தெம்பிருந்தால் இன்னும் முக்கால் மணி இறங்கி வெங்கர்ன்ஆல்ப் நிலையம் வரை வாருங்கள். வெயிலேறிய பிற்பகலில் எதிரே யுங்ஃபிராவிலிருந்து பனிப்பாளம் உடைந்து விழும் ஓசை இடிபோலக் கேட்கும். அதற்குக் கீழே வெங்கன் வரை இன்னும் 600 மீட்டர் இறக்கம். முட்டி சொல்வதைக் கேளுங்கள்.

இந்த நடைக்கு அடுத்த நாள் கால் ஓயட்டும். வில்டர்ஸ்விலிலிருந்து 1893 முதல் ஓடும் ஷினிகே பிளாட்டே ரயிலில் ஏறி, மேலே உள்ள ஆல்ப்ஸ் தாவரத் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள், போதும்.

கிரிண்டல்வால்டிலிருந்து ஃபிர்ஸ்ட் ஏறி, அங்கிருந்து பாக்ஆல்ப் ஏரி (2265 மீ) போக 3 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். முதல் 20 நிமிடம்தான் மூச்சு வாங்கும். ஏரியில் ஷ்ரெக்ஹார்ன் சிகரம் தலைகீழாகத் தெரிவதைப் பார்க்கத்தான் போகிறோம். அதற்குக் காற்று எழும்பாத காலை வேண்டும். ஒன்பது மணிக்குள் மேலே இருங்கள், பதினொன்றுக்கு அலையும் கூட்டமும் ஒன்றாக வந்துவிடும். ஏரியிலிருந்து ஃபவுல்ஹார்ன் (2681 மீ) ஏற்றம் கடினம், வழியில் ரயில் இல்லை, இருவருக்கும் ஒப்புதல் இருந்தால் மட்டும்.

ஐகர் டிரெயில், வலுவான கால்களுக்கு. ஐகர்கிளெட்சரிலிருந்து (2320 மீ) ஆல்பிக்லன் (1616 மீ) வரை ஐகர் சுவரின் அடியிலேயே 6 கிலோமீட்டர் இறக்கம், வெள்ளை-சிவப்பு-வெள்ளை. தொடங்கிவிட்டால் நடுவில் பிரிய இடமில்லை. யோசனை இருந்தால் ஒருவர் ரயிலில் ஷைடெக் வழியாக ஆல்பிக்லன் போய்க் காத்திருக்கட்டும்.

யுங்ஃபிராவ்யோக் (3454 மீ) போவதென்றால் மூன்று இரவு தங்கிய பிறகு போங்கள். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். வேகமாகப் படியேறினால் தலை சுற்றும், தலைவலியோ குமட்டலோ வந்தால் அடுத்த ரயிலில் இறங்கிவிடுவதே மருந்து. இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். முழு விலை ஒருவருக்கு 200 ஃபிராங்கைத் தாண்டும், ஆகவே அன்று காலைக் கேமராவில் மேகம் தெரிந்தால் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

மேலே ஏறியதும் முதல் வேலை, கடைசியாகக் கீழே இறங்கும் வண்டி எத்தனை மணிக்கு என்று நிலையப் பலகையைப் படம் பிடிப்பது. தவறவிட்டால் ஆயிரம் மீட்டர் இருட்டில் இறங்க வேண்டும். பலத்த தெற்குக் காற்று வீசும் நாளில் கேபிள் கார்கள் நின்றுவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். இடி கேட்டால் முகட்டிலிருந்து இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கன்றோடு நிற்கும் மாட்டைச் சுற்றி விலகிப் போங்கள், திறந்த வேலிக் கதவை மூடிவிட்டுப் போங்கள். அவசர எண் 112, மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414.

சாப்பாடு

உணவகத்தில் இருவேளை சாப்பிட்டால் தங்கும் செலவை அது தொட்டுவிடும். கூப் கடையில் அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். ஊரிலிருந்து பொடி, புளி, ஊறுகாய் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களை இந்தியாவிலிருந்து கொண்டுவரத் தடை இருக்கிறது. கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் அனுமதியில்லை. வெங்கன் உயரத்தில் நீர் 96 டிகிரிக்கே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாகும். காலையிலேயே ஊறவைத்துவிட்டுப் போங்கள். நடைக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் நீர் வேண்டும், ஊர்த் தொட்டிகளில் பிடிக்கலாம், 'கைன் டிரிங்க்வாசர்' என்று எழுதியிருந்தால் மட்டும் அது குடிநீர் அல்ல.

மழை நாளும் திரும்பும் நாளும்

மழை பிடித்துக்கொண்டால் பெர்ன் போங்கள். பழைய நகரின் கடைவீதிகள் ஏறக்குறைய 6 கிலோமீட்டருக்குக் கல் வளைவுகளின் கீழேயே போகின்றன, குடை விரிக்காமல் நாள் முழுக்க நடக்கலாம். 1983 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ள நகரம். 1980கள் முதல் இங்கே வந்து குடியேறிய ஈழத் தமிழர்களின் கடைகளில் முருங்கைக்காய் முதல் இடியாப்ப மாவு வரை கிடைக்கும். ஐரோப்பாப்பிளாட்ஸ் சதுக்கத்தில் உள்ள சமயங்களின் இல்லத்தில் பள்ளிவாசலும் தேவாலயமும் புத்த மையமும் இருக்கும் அதே கூரையின் கீழ், அவர்கள் எழுப்பிய சிவன் கோயிலும் இருக்கிறது. சைவநெறிக்கூடம் நடத்தும் அந்தக் கோயிலில் வழிபாடு தமிழில் நடக்கிறது.

மழையே வராவிட்டால் இதைத் திரும்பும் நாளுக்கு வையுங்கள். பெட்டிகளைப் பெர்ன் நிலையத்தின் பூட்டறையில் வைத்துவிட்டுச் சுற்றலாம். அங்கிருந்து சூரிச் விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி நேரப் பயணம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு போய்ச் சேரும் ரயிலைப் பார்த்து, அதற்கு முந்திய ரயிலில் ஏறிவிடுங்கள்.